இரண்டு காசு முடிச்சு

2024 பங்குனியில் ஒரு திங்கட்கிழமை விடியற்காலை, மகளைக் கூட்டிக்கொண்டு கொழும்பு கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைதான். ஆனால் அவள் அந்தக் கோயில் வாசலை மிதித்து இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தது.

2021 கார்த்திகையில் அவளுக்கு ஆறு வயது. காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. இரவில் கால் நோகுது என்று அழுவாள். முழங்காலுக்குக் கீழே நீலத் தடங்கள் இருந்தன. விளையாடி அடிபட்டது என்றே நினைத்தோம். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டொக்டர் அன்றைக்கே மகரகமைக்குத் துண்டு எழுதித் தந்தார். லுகேமியா. பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம், சரியாக மருந்து செய்தால் பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகிறார்கள் என்று மகரகமை அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் பொறுமையாக விளக்கினார். "பெரும்பாலான" என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அன்று இரவு படுத்தேன். தூக்கம் வரவில்லை.

மனைவி பிள்ளையோடு வார்டில் தங்கிவிட்டார். நான் விடிய எழும்பிக் கோயிலுக்குப் போவேன். பிறகு செட்டியார் தெருவில் வேலை. அது முடிய, புறக்கோட்டையில் 138 பஸ் பிடித்து மகரகமை. கிழமைக் கணக்கில், மாதக் கணக்கில் இதேதான்.

இந்தக் கோயிலை முதலில் கட்டியவர் பொன்னம்பல முதலியார். அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி, 1912இல் முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டி முடித்தார். வெளியே கொழும்பு வெயில் எப்படிக் கொளுத்தினாலும் உள்ளே கால் வைத்ததும் குளிரும். விளக்கெண்ணெய் மணம், கல்லின் இருட்டு, எங்கோ ஒரு மூலையில் யாரோ மெதுவாகத் தேவாரம் படிக்கும் சத்தம். எனக்கென்று அங்கே ஒரு தூண் இருந்தது. விளக்குப் புகை படிந்து கறுத்த தூண். தினமும் என் நெற்றியை அதில் வைத்துக்கொண்டு நிற்பேன். வேண்டுதல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. இந்தக் கல்லின் குளிர் அவளுடைய நெற்றிக்குப் போகட்டும், அவ்வளவுதான்.

ஏனென்றால் எங்களுடைய எதிரி காய்ச்சல். மருந்து ஏறியதும் இரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். 500க்குக் கீழே போனால் சின்னக் கிருமியும் பிள்ளையைச் சாய்த்துவிடும். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் நடுச்சாமம் என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று முதல் கிழமையே சொல்லிவிட்டார்கள். பூ கூடாது, கோயில் பிரசாதம் கூடாது, தீர்த்தம் கூடாது. சனக்கூட்டத்துக்குள் கொண்டுபோகவே கூடாது.

திருநீறு? அதையும் பிள்ளையின் மேல் போட வேண்டாம் என்றார் நேர்ஸ். அன்றைக்கு மனம் உடைந்துதான் போனது. பாண்டியனின் வெப்பு நோய்க்குச் சம்பந்தர் திருநீறு பூசித்தான் "மந்திரமாவது நீறு" என்று பாடினார். அந்தப் பதிகம் பாடிய வீட்டுப் பிள்ளைக்கே நீறு இல்லையா? ஆனால் அம்மம்மா, என் மாமியார், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "டொக்டர் சொன்னா சொன்னதுதான் தம்பி. நீங்கள் பூசிக்கொண்டு போங்கோ, அவள் பாக்கட்டும்." அப்படியே செய்தேன். நெற்றி நிறைய மூன்று குறி இழுத்துக்கொண்டு போவேன். வார்டு வாசலில் முழங்கை வரை சோப் போட்டுக் கழுவுவேன். மகள் கட்டிலில் இருந்தபடியே என் நெற்றியைப் பார்த்துக் கைகூப்புவாள். மனைவி அவளுடைய காதருகே பதிகத்தைப் பாடுவார். சொந்தத்தில் ஒருவர் வீட்டுக்கு வந்து, மருந்தை நிறுத்திவிட்டு இன்ன சாமியாரிடம் கொண்டுபோங்கள் என்றார். அம்மம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, அந்தக் கதையை வீட்டில் பிறகு யாரும் எடுக்கவிடவில்லை.

மூன்றாவது கிழமை முடி கொட்டியது. தலையணை முழுக்க முடி. அம்மம்மா ஏற்கெனவே முருகனுக்கு அவளுடைய முடியை நேர்ந்திருந்தார். "அவர் தானே எடுத்துக்கொண்டார், கடன் முடிஞ்சுது" என்று அந்த முடியை வெள்ளைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தார். அவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பக்கத்துக் கட்டிலில் அநுராதபுரப் பக்கத்துச் சிங்களப் பையன் ஒருவன். எட்டு வயது. எங்கள் மகளுக்குத் தன்னுடைய சிவப்புக் காரைக் கொடுத்து விளையாடச் சொன்னான். அவனுடைய தாய் என் மனைவியை நங்கி, நங்கி (தங்கச்சி) என்றுதான் கூப்பிடுவார். பன்சலையிலிருந்து, அதாவது பௌத்த விகாரையிலிருந்து, பிரித் ஓதிய காப்பு நூல் வந்தபோது எங்கள் பிள்ளையின் கையிலும் ஒன்று கட்டிவிட்டார். அம்மம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து நேர்த்தி வைத்ததை மனைவி சொல்ல, அவர்களுக்கும் அப்படி ஒரு வழக்கம் உண்டு, பண்டுர என்பார்கள் என்றார். மறுநாள் கழுவிக் காயவைத்த வெள்ளைத் துணியில் ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை முடிந்து என்னிடம் தந்தார். உங்கள் கோயிலில் இருப்பதும் ஈஸ்வர தெய்யோதானே, மகன் சுகமானதும் வந்து நானே போடுகிறேன், அதுவரைக்கும் சுவாமியிடம் காட்டிக்காட்டி வைத்திருங்கள் என்றார். அன்றிலிருந்து என் சட்டைப் பையில் இரண்டு முடிச்சு. மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று. தினமும் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

2022 ஆவணியில் ஒரு இரவு, வீட்டில் இருந்தபோது மகளுக்குக் காய்ச்சல் 38.6. நாட்டில் பெற்றோல் இல்லாத காலம். த்ரீவீலருக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான். எதிர்வீட்டு நானா ஓட்டம் போகாமல் எங்களுக்கென்றே டாங்கியில் கொஞ்சம் வைத்திருந்தார். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கதவைத் தட்டியதும் சாரத்தோடேயே ஓடிவந்து வண்டியை எடுத்தார். போய்ச் சேர்ந்ததும் மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது.

அந்தப் பையனின் கட்டிலில் வேறு பிள்ளை படுத்திருந்தது. வீட்டுக்குப் போய்விட்டானா என்று கேட்டேன். நேர்ஸ் பதில் சொல்லாமல் என் தோளைத் தொட்டார்.

அடுத்த நாள் கோயிலுக்குப் போய்த் தூணருகே நின்றேன். இரண்டு முடிச்சையும் கையில் எடுத்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அந்தத் தாய் என்னைவிடக் குறைவாகவா வேண்டினார்? என் பிள்ளை பிழைத்ததால் சுவாமி எங்கள் பக்கம் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வராது. ஆனால் கோயிலுக்குப் போவதை நிறுத்தவும் முடியவில்லை. போகாத நாளில் பஸ்ஸில் மூச்சு முட்டியது.

பிறகு வந்த காலம் மெதுவானது. தினமும் குளிசை, கிழமைக்கு ஒருநாள் இன்னொரு குளிசை, கிளினிக், இரத்தப் பரிசோதனை. மருந்தால் கால் நரம்பு சோர்ந்து, பாதத்தை இழுத்து நடந்தாள். அதுவும் மெல்ல மெல்லச் சரிவந்தது. 2024 பங்குனியில் குளிசையை நிறுத்தினார்கள். கிளினிக்குக்கு மட்டும் ஒழுங்காக வர வேண்டும், இனிக் கோயிலுக்குக் கூட்டிப்போகலாம் என்றார் டொக்டர்.

கோயிலுக்குப் போவதற்கு முதல்நாள் மனைவி அந்தத் தாய்க்கு போன் எடுத்தார். அவருடைய காசு எங்களிடம் இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்கக் கேட்கவே மனைவியின் குரல் அடைத்துவிட்டது. மறுபக்கம் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, மகளின் கையால் போடச் சொல்லு நங்கி என்றாராம்.

அன்றைக்குக் கூட்டமில்லை. மகள் நந்தியைத் தடவிப் பார்த்தாள். என் தூணைக் காட்டினேன். கன்னத்தை அதில் வைத்து, "ஐயோ, குளிருது அப்பா!" என்றாள். ஐயர் தந்த திருநீற்றை எடுத்து அவளுடைய நெற்றியில் வைத்தேன். விரல் நடுங்கிக் கொஞ்சம் மூக்கில் விழுந்தது. அப்புறம் சிவகாமி அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பிரகாரம் சுற்றி வந்து உண்டியலடியில் நின்றோம். மஞ்சள் முடிச்சைப் போட்டாள். வெள்ளை முடிச்சைக் கையில் வைத்து உருட்டினாள்.

"இது ஆருடையது?"

"வார்டில உனக்குப் பக்கத்துக் கட்டில் அண்ணாவுடையது."

"சிவப்புக் கார் தந்த அண்ணாவோ?"

"ஓம்."

மெதுவாக அதையும் போட்டாள். உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் என் விரலைப் பிடித்தாள்.

"அப்ப அண்ணாக்கும் ஒருக்காச் சுத்துவம்."

கால் நோகவில்லையா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு முன்னால் நடந்தாள். தூணடியில் களைத்து இருந்த அம்மம்மாவும் சேலையை ஒதுக்கிக்கொண்டு எழும்பி எங்களுக்குப் பின்னால் வந்தார்.