சாப் (முத்திரை) இல்லாத ஒரு பாரத்துக்காக மூணு தடவ ஃபெர்ரி ஏறினேன் (தெலுக் பஹாங் காட்டு முகாம் அனுபவம்)

முகாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆச்சு, கால்ல அகாஸ்ங்கற குட்டி மணல் பூச்சி கடிச்ச தடிப்பு இன்னும் போகல, அரிச்சிக்கிட்டே இருக்கு. காட்ட பத்தி எழுதணும்னுதான் உக்காந்தேன், ஆனா அந்த மெடிக்கல் பாரத்த பத்தி சொல்லாம என் மனசு ஆறாது. அடுத்த லீவுக்கு போகணும்னு நினைக்கறவங்க இத படிச்சா ஒரு தடவையாவது அலையாம இருப்பீங்க.

நான் மலேசியாவுல பிறை பக்கம், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரை, ஸ்கூல்ல நாலாம் படிவம். ஸ்கூல் லீவுல தீவுல இருக்கற தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுல மூணு நாள் இயற்கை முகாம், ஆமை, காடு, கடற்கரை எல்லாம் நேர்ல பாத்து கத்துக்கலாம்னு டீச்சர் சொன்னாங்க. பேர் கொடுத்தது, பணம் கட்டினது எல்லாம் அரை மணி நேர வேலை. பிரச்சனை ஆரம்பிச்சது பாரத்தோட நாலாவது பக்கத்துல. அதுல "ஏதாவது நோய் இருக்கா"ன்னு கேட்டிருந்தாங்க. எனக்கு சின்ன வயசுலேர்ந்து ஆஸ்துமா. அப்படியே எழுதினேன்.

எத்தன பேர் சொன்னாங்க தெரியுமா, "இல்லன்னு எழுதிடு, யாரு பாக்கப் போறா"ன்னு. எங்க அத்தையே சொன்னாங்க. அம்மாதான் வேணாம்னு நின்னாங்க, காட்டுக்குள்ள உனக்கு மூச்சு அடைச்சா கூட இருக்கறவங்களுக்கு என்னன்னு தெரியணும்லன்னு கேட்டாங்க. சரின்னு வீட்டுக்கு பக்கத்துல இருக்கற கிளினிக்ல டாக்டர பாத்து, அவர் செக் பண்ணி, போகலாம்னு எழுதி கையெழுத்து போட்டு கொடுத்தார். அப்பாவும் கையெழுத்து போட்டார், ஐசி (அடையாள கார்டு) கோப்பி வச்சாச்சு, எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நினைச்சேன்.

முதல் தடவ போனது வெள்ளிக்கிழமை. அப்பாவுக்கு ஷிஃப்ட், அதனால நான் மட்டும் பட்டர்வொர்த்ல ஃபெர்ரி ஏறி, ஜெட்டில பஸ் புடிச்சு, தீவுல பாரம் கொடுக்கற ஆபீசுக்கு போய் சேர்றப்ப மணி பன்னெண்டரை. கதவு சாத்தியிருக்கு. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்துக்காக ரெண்டே முக்கால் வரைக்கும் கவுண்டர் கிடையாது, இங்கேயே பொறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா, தெரியும், அவசரத்துல யோசிக்கல. வெளியில பெஞ்சுல ரெண்டு மணி நேரம். மூணு மணிக்கு கிளார்க் பாரத்த வாங்கி பக்கம் பக்கமா திருப்பிட்டு, டாக்டர் கையெழுத்துக்கு கீழ சாப் இல்ல, பதிவு நம்பர் இருக்கற சாப் வேணும்னு திருப்பி கொடுத்துட்டாங்க. அது பாரத்துல எங்கயும் போடல. நான் காட்டி கேட்டேன், "எல்லாருக்கும் தெரியும்"னு சொன்னாங்க. எல்லாருக்கும்னா யாருக்கு? எங்க வீட்டுல இந்த மாதிரி முகாமுக்கு போற முதல் ஆள் நான்தான்.

திங்கட்கிழமை கிளினிக்ல சாப் குத்தி வாங்கிட்டு ரெண்டாவது தடவ போனேன். இந்த தடவ வேற கிளார்க். ஆஸ்துமா இருந்தா தனியார் கிளினிக் பத்தாது, வழக்கமா மருந்து எடுக்கற அரசாங்க கிளினிக் லெட்டர் வேணும்னாங்க. அத வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம்ல? கடைசி நாள் புதன்கிழமை. எனக்கு அங்கேயே கண்ணு கலங்கிருச்சு. வெளியில வந்தப்ப ஜாகா (வாட்ச்மேன்) அங்கிள் ஒருத்தர், தமிழர், என்னம்மான்னு கேட்டார். சொன்னேன். "அழாத மா, நாளைக்கு காலையில ஏழு மணிக்கெல்லாம் கிளினிக்ல போய் நம்பர் எடு, அப்பாயின்ட்மென்ட் புக்க கையோட கொண்டு போ, லெட்டர் வாங்கிட்டு நேரா வா, இங்க உள்ள பெரிய மேடம் மதியத்துக்கு மேல இருப்பாங்க, அவங்ககிட்டயே கொடு"ன்னார். அப்படியே செஞ்சேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணாவது ஃபெர்ரி. அந்த மேடம் லெட்டர படிச்சுட்டு, இன்ஹேலர் எத்தன கொண்டு வருவேன்னு மட்டும் கேட்டு, அஞ்சு நிமிஷத்துல ஏத்துக்கிட்டாங்க. ஜாகா அங்கிளுக்கு கட்டை விரல காட்டிட்டு வந்தேன்.

அதோட முடியல. என் போன் நம்பர்ல ஒரு எண்ண தப்பா அடிச்சுட்டாங்க போல, வாட்சாப் குரூப்ல என்ன சேக்கவே இல்ல. முகாமுக்கு முந்தின நாள் நானே போன் பண்ணி கேட்ட பிறகுதான் என்ன கொண்டு வரணும்னே தெரிஞ்சது. அதனால, பாரம் கொடுத்துட்டு வர்றப்ப உங்க நம்பர அவங்க வாயால ஒரு தடவ சொல்ல வைங்க.

முகாம் நாள் அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சு தூங்காம காடியில (கார்ல) கொண்டு விட்டார். 101 பஸ் தெலுக் பஹாங் போகும்தான், ஆனா காலையில ஏழரைக்கு அங்க நிக்கணும்னா பிறையிலேர்ந்து அத நம்ப முடியாது.

உள்ள போனதும் மனசு அடங்கிருச்சு. பந்தாய் ஆச்சே வனக்காப்பகமா இருந்த இடத்த 2003-ல தேசியப் பூங்காவா மாத்தியிருக்காங்க, கடல் பகுதியும் சேத்து 2,562 ஹெக்டர். தொங்கு பாலத்துக்கிட்ட வழி ரெண்டா பிரியும், ஒண்ணு முக்கா ஹெட் பக்கம், இன்னொண்ணு பந்தாய் கெராச்சுட் கடற்கரை. நாங்க கெராச்சுட் வழி. மூணு கிலோமீட்டருக்கு மேல, மேடு ஏறி இறங்கணும். பாதி மேட்டுல எனக்கு நெஞ்சு இறுக ஆரம்பிச்சது. நான் வாய தொறக்கறதுக்கு முன்னாடியே முகாம் அக்கா ஒருத்தங்க பக்கத்துல வந்து பைய வாங்கிக்கிட்டாங்க, "உன் லெட்டர படிச்சேன், உக்காரு, இன்ஹேலர் அடி"ன்னாங்க. என்ன மெதுவா நடக்கற குரூப்ல போட்டிருந்ததே அதுக்காகத்தானாம். இல்லன்னு எழுதியிருந்தா அன்னைக்கு நான் என்ன ஆகியிருப்பேன்னு நினைக்கவே பயமா இருக்கு.

அப்படி உக்காந்திருந்தப்பதான் மேல லோத்தோங் குரங்குக் கூட்டம் பாத்தேன். கண்ண சுத்தி வெள்ள வளையம், கறுத்த உடம்பு, ஆனா தாய் இடுப்புல இருந்த குட்டி மட்டும் பளிச்சுன்னு ஆரஞ்சு மஞ்சள். வேகமா நடந்தவங்க யாரும் பாக்கல. லோத்தோங் இலைய தின்னுட்டு மேலயே இருக்கும், கீழ வர்றது கெரா குரங்கு, அதுக்கு பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே போதும். ஒரு பையனோட ரொட்டி பாக்கெட் முழுசா போச்சு. சாப்பாட்ட ஜிப் போட்ட பைக்குள்ள வைங்க, கையில தூக்காதீங்க.

கெராச்சுட்ல மழைக்காலத்துல நிறையற ஏரி ஒண்ணு இருக்கு, மேல நல்ல தண்ணி, அடியில உப்புத் தண்ணி, ரெண்டும் கலக்காது. நாங்க போனப்ப பாதிக்கு மேல காஞ்சு சேறா கிடந்தது. கடல்ல எறங்கக் கூடாது, ஜெல்லிமீன். அத விளையாட்டா எடுக்காதீங்க.

ராத்திரி ஆமை நிலையம். பச்சை ஆமையும் பங்குனி ஆமையும் இங்க முட்டை போட வருது. முட்டைய எடுத்து வந்து, கம்பி வேலிக்குள்ள திரும்ப புதைக்கறாங்க, எடுக்கறப்ப உருட்டிடக் கூடாது, உள்ள வளர்ற கரு செத்துரும். குஞ்சு வெளிய வர அம்பது அறுவது நாள். மண்ணு சூடா இருந்தா பெண், குளிர்ந்தா ஆண், அதனால சில குழிக்கு நிழல் கட்டியிருக்காங்க. இந்த தீவு வருஷத்துக்கு வருஷம் சூடாயிட்டே போனா கடைசில ஆண் ஆமையே இல்லாம போயிரும்னு நிலையத்துல விளக்கினவர் சொன்னப்ப முப்பது பேரும் பேசாம நின்னோம். குஞ்சு விடறத பாக்கற வாய்ப்பு எங்களுக்கு கிடைக்கல, அன்னைக்கு எதுவும் பொரியல. அது இருக்கும்னு நம்பி போய் ஏமாறாதீங்க. ராத்திரி டார்ச் அடிக்காதீங்க, வெளிச்சத்த பாத்தா ஆமை கரைக்கு வராம திரும்பிரும்.

ரெண்டாவது நாள் முழுக்க குப்பை பொறுக்கி, எடை போட்டு, வகை பிரிச்சு எழுதினோம். ஸ்ட்ரா, மூடி, வலைத் துண்டு. அகாஸ் கடி அங்கதான் வாங்கினது, நீளக் கால்சட்டை கட்டாயம்.

மூணாவது நாள் போட்ல திரும்பறதா இருந்தது, அலை பெருசா இருக்குன்னு வரல. திரும்ப அதே மேடு. இந்த தடவ ஏறறதுக்கு முன்னாடியே இன்ஹேலர் அடிச்சுட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ நின்னு நின்னு, என் பைய நானே தூக்கிக்கிட்டு வந்து சேர்ந்தேன். வாசல்ல அப்பா நின்னுக்கிட்டு இருந்தார்.

பக்கத்து வீட்டு தங்கச்சிக்கும் ஆஸ்துமா, அடுத்த லீவுக்கு போகணும்னு நேத்து வந்து நின்னா. என் பாரத்தோட கோப்பிய கொடுத்து, முதல்ல நாலாவது பக்கத்த தொறந்து சாப் எங்க இருக்கணும்னு காட்டினேன், அப்புறம் கிளினிக்ல நம்பர் எடுக்க நாளைக்கு காலையில நானும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கேன்.