கருப்பன் காலடியில் வைத்த சாவி

அப்பாவின் தலைத்திவசம் முடிந்து எட்டு நாள்கூட ஆகவில்லை. "முதல்ல கருப்பனப் பார்த்துட்டு வந்துருவோம், மத்ததெல்லாம் அப்புறம்" என்றாள் அம்மா. துக்கத்துக்காக ஒரு வருடம் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்காமல் இருந்தாகிவிட்டது. சரி என்று ஒரு வேன் பேசி, விடியும் முன்பே சிவகங்கையிலிருந்து கிளம்பினோம்.

ஏறுவதற்கு முன்னால் தம்பி குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். "என்னண்ணே, ஆயில் ஒழுகுதா?" என்று டிரைவர் கேட்டார். தம்பி ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டான். அது அப்பாவின் பழக்கம். காபூலில் இருந்து வந்த பிறகு, நாங்கள் உட்காரப்போகும் எந்த வண்டியையும் அப்படிக் குனிந்து பார்க்காமல் அப்பா விட்டதில்லை. மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போன ஷேர் ஆட்டோவைக்கூடப் பார்த்தார்.

அப்பா ஐ.டி.பி.பி.யில் இருந்தார். இந்தோ திபெத் எல்லைக் காவல் படை. 1962 சீனப் போரின்போது தொடங்கிய படை அது. இப்போது எங்கள் மாவட்டத்து இலுப்பக்குடியிலேயே அவர்களுடைய பயிற்சி மையம் இருப்பதால் ஊரில் பலருக்கும் தெரியும். அப்பா சேர்ந்த காலத்தில் யாருக்கும் தெரியாது. "மிலிட்டரியா, போலீசா?" என்று கேட்பார்கள். "காவக்காரன்" என்பார் அப்பா, அவ்வளவுதான்.

குஞ்சி முகாமில் மூன்று வருடம் இருந்தார். கைலாய மானசரோவர் யாத்திரைக்குப் போகிறவர்களுக்கு அங்கேதான் மருத்துவப் பரிசோதனை நடக்கும். தேறியவர்களை லிபுலேக் கணவாய் வரை கூட்டிப்போய் விடுவது இவர்கள் வேலை. சுமார் பதினேழாயிரம் அடி உயரம். அந்தப் பக்கம் திபெத். யாத்ரீகர்கள் கடந்து போவார்கள், அப்பா இந்தப் பக்கமே நின்றுவிடுவார். கைலாயத்தை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவர் கூட்டிப்போய் விட்ட ஒரு பாட்டியம்மா, தமிழ்க்குரல் கேட்ட சந்தோஷத்தில், திரும்பி வரும்போது சின்ன பாட்டிலில் மானசரோவர்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். அந்த பாட்டில் பல வருடம் எங்கள் சாமி அலமாரியில் இருந்தது. போன வருடம் அதிலிருந்துதான் அம்மா அப்பாவின் வாயில் மூன்று சொட்டு விட்டாள்.

அழகர்கோவில் போய்ச் சேரும்போது மணி ஏழு. மலையில் பாதிவரை மேகம் இறங்கியிருந்தது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று இது, மாலிருஞ்சோலை. பெருமாளைச் சேவிக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் முதலில் போய் நிற்பது ராஜகோபுரத்து வாசலில்தான். அங்கே பதினெட்டாம்படிக் கருப்பன் இருக்கிறான். அவனுக்கு உருவம் கிடையாது. சாத்திய கதவுதான் சாமி. அந்தக் கதவுக்குத்தான் மாலை, அந்தக் கதவுக்குத்தான் சந்தனம். உள்ளே போகிறவர்கள் வேறு வாசல் வழியாகப் போக வேண்டும்.

மலையாள தேசத்து மந்திரவாதிகள் பதினெட்டுப் பேர் அழகரின் சக்தியைக் கவர்ந்துபோக வந்தார்கள் என்றும், அவர்களோடு வந்த கருப்பன் அழகரின் அழகில் மயங்கி இங்கேயே காவலுக்கு நின்றுவிட்டான் என்றும் கதை. மந்திரவாதிகள் புதைந்த இடம்தான் அந்தப் பதினெட்டுப் படி. சித்திரையில் அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது கருப்பனிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் கிளம்புவார். ராத்திரி நடை சாத்தியதும் கோயில் சாவி கருப்பன் முன்னால்தான் போய்ச் சேரும் என்பார் எங்கள் அப்பத்தா. லீவு முடிந்து கிளம்பும் ஒவ்வொரு தடவையும் அப்பா இங்கே வந்துவிட்டுத்தான் மதுரையில் ரயில் ஏறுவார். "பெருமாளே சொல்லிட்டுப் போறாரு தாயி, நாம சொல்லாமப் போகலாமா?"

காபூல் இந்தியத் தூதரகத்துக்குக் காவலாக அவர் போனது 2009இல். அதற்கு முந்தின வருடம் ஜூலை 7ஆம் தேதி காலையில் அதே தூதரக வாசலில் கார் குண்டு வெடித்து 58 பேர் இறந்திருந்தார்கள். விசாவுக்கு வரிசையில் நின்ற ஆப்கானிய ஜனங்கள்தான் அதில் அதிகம். நம் ஆட்கள் நான்கு பேர். அதில் இரண்டு பேர் அப்பாவின் படைக்காரர்கள். இதெல்லாம் அவர் போகும்போது எங்களுக்குத் தெரியாது. "ஆபீஸ் டூட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்டோபர் 8ஆம் தேதி, வியாழக்கிழமை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அம்மா டிவி முன்னால் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். முறத்தில் பாதி புடைத்த உளுந்து. மறுபடியும் அதே தூதரகம், மறுபடியும் கார் குண்டு, 17 பேர் சாவு என்று ஓடிக்கொண்டிருந்தது. தூதரகத்து ஆட்கள் யாரும் சாகவில்லை, காவலர்களுக்குக் காயம் என்றார்கள். எந்தக் காவலருக்கு என்று சொல்லவில்லை. அம்மா அழவில்லை. எழுந்து போய் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்தாள். "கருப்பா, நீ நிக்கிற மாதிரிதான அவரும் நிக்கிறாரு, பாத்துக்க. உங்கதவுக்குச் சந்தனம் சாத்துறேன்" என்று சத்தமாகவே சொன்னாள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் வந்தது. "நல்லாருக்கேன் தாயி. சாப்பிட்டியா? அம்மாட்ட குடு." குரல் மட்டும் கொஞ்சம் கம்மியிருந்தது, புழுதி என்றார்.

முதல் குண்டுக்கு அப்புறம் தூதரகத்தைச் சுற்றிப் பாதுகாப்பைப் பலப்படுத்தியிருந்தார்கள். அதனால்தான் உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள் என்று பின்னால் ஒருநாள் சொன்னார். காபூலைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். மற்றபடி அந்த ஊர் மாதுளம்பழம் பற்றிச் சொல்வார், பனி பற்றிச் சொல்வார்.

2010 ஆடிப் பௌர்ணமிக்கு லீவு கிடைத்தது. அந்த நாளில்தான் கதவுக்குச் சந்தனம் சாத்துவது இங்கே விசேஷம். எங்கள் பங்குச் சந்தனத்தை அம்மாவே அரைத்துக் குடத்தில் எடுத்துவந்தாள். நான் மறக்காதது வேறொன்று. அந்தக் கூட்டத்தில் எல்லோரும் கதவைப் பார்த்துக் கும்பிட, அப்பா ஒரு நிமிடம் கும்பிட்டுவிட்டுத் திரும்பி, கதவுக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நின்றார். தம்பி அவர் தோளில் இருந்தான். என் கையை அவர் விடவில்லை. கண் மட்டும் ஒவ்வொரு முகமாகப் போய்க்கொண்டிருந்தது. "சாமியப் பாருங்க" என்றாள் அம்மா. "அதான் பாத்துட்டேன்ல" என்றார்.

இந்தத் தடவை கூட்டம் இல்லை. நேர்த்திக்கடனாக வந்த அரிவாள்களில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பூசாரிக்கு எங்களை அடையாளம் தெரிந்தது. அப்பாவைக் கேட்டார், சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மாலையை வாங்கிக்கொண்டார். எலுமிச்சம்பழத்தை வைக்கும்போது அம்மா இடுப்பிலிருந்து எங்கள் வீட்டுச் சாவியை எடுத்துப் படிமேல் வைத்தாள். எங்களுக்கே அது தெரியாது. அப்பா போனதிலிருந்து அவள் ராத்திரி நான்கு தடவை எழுந்து தாழ்ப்பாளைப் பார்க்கிறாள். பத்து மணிக்கு டார்ச்சோடு வீட்டைச் சுற்றிவந்து, கடைசியாகக் கதவைப் பூட்டி இழுத்துப் பார்ப்பது அப்பாவின் வேலை. லீவில் வந்த காலத்திலும் அதுதான், ஓய்வு பெற்று வந்த பிறகும் அதுதான். அவர் இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டால்தான் எங்களுக்குத் தூக்கமே வரும்.

பூசாரி ஒன்றும் கேட்கவில்லை. சாவிக்குச் சந்தனம் தடவி, விபூதியோடு அம்மா முந்தானையில் போட்டார்.

அப்புறம் உள்ளே போய்ப் பெருமாளைச் சேவித்தோம். மேலே சோலைமலை முருகனைப் பார்த்து, இன்னும் ஏறி நூபுர கங்கையில் நனைந்து, ராக்காயி அம்மனைக் கும்பிட்டு இறங்கினோம். குரங்குக்குப் பயந்து அழகர்கோவில் தோசைப் பொட்டலத்தைத் தம்பி சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான். நல்ல தடிமனாக, நெய் வழிய, மிளகு கடிபடும் தோசை. அப்பா ஒரு முழுத் தோசையைத் தனியாகச் சாப்பிடுவார். வேனில் ஆளுக்கு ஒரு விள்ளல் பிட்டுத் தின்றோம். அம்மா சாப்பிட்ட மாதிரி இருந்தது இந்த ஒரு வருடத்தில் அன்றைக்குத்தான்.

வீடு வந்து சேர இருட்டிவிட்டது. பத்து மணிக்கு நான்தான் கதவைப் பூட்டினேன். சாவியின் பல்லில் சந்தனம் காய்ந்திருந்ததால் முதலில் திரும்பவில்லை. இரண்டாவது தடவை திரும்பியது. பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

"பூட்டியாச்சா?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

"பூட்டியாச்சும்மா."

அன்றைக்கு ராத்திரி அவள் எழுந்திருக்கவில்லை.