போரர் வெயிலைத் தேடி வரும்

ஏற்காட்டு மலையில் அராபிகா காபி வைத்திருப்பவர்கள் ஆகஸ்ட் கடைசியிலேயே ஆள் சொல்லி வைக்க வேண்டிய வேலை, போரர் ட்ரேசிங்: தண்டைத் துளைக்கும் வண்டின் புழு புகுந்த செடிகளைத் தேடிப் பிடிப்பது. புத்தகத்தில் வெள்ளைத் தண்டு துளைப்பான் என்று இருக்கும். தோட்டத்தில் எல்லாருக்கும் அது போரர்தான். வண்டு பறப்பது வருடத்தில் இரண்டு முறை: ஏப்ரல், மே ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு செடியையும் பார்த்து முடித்திருக்க வேண்டும். செப்டம்பரைத் தவறவிட்டால் பழம் பறிப்பு வந்துவிடும், பிறகு இதற்கென்று ஆள் கிடைக்காது.

இலை மஞ்சளாகி வாடும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். முதல் அடையாளம் தண்டில் இருக்கிறது. பட்டை இடுக்கில் வைத்த முட்டை பத்து நாள் வாக்கில் பொரியும். சின்னப் புழு பட்டைக்கு அடியிலேயே தின்றுகொண்டு நகரும். அது போன வழி வெளியே வரப்பு மாதிரி புடைத்திருக்கும். பாசி பிடித்த தண்டில் இது கண்ணுக்குத் தப்பும், கைக்குத் தப்பாது. கட்டைவிரலை அழுத்தி அடியிலிருந்து மேலே தடவிக்கொண்டு வாருங்கள், விரலில் தட்டும்.

அடுத்து புழு கட்டைக்குள் இறங்கி, ஒன்பது பத்து மாதம் எல்லாப் பக்கமும் குடையும். காபியைத் தாக்கும் இன்னொரு பூச்சியான சிவப்புத் துளைப்பான் எச்சத்தை வெளியே தள்ளுவதால் செடியடியில் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். போரர் அப்படிச் செய்யாது. தின்று கழித்த தூளைத் தனக்குப் பின்னாலேயே கெட்டியாக அடைத்துக்கொண்டு போகும். வெளியே துளை தெரிந்தால் வண்டு கிளம்பிப் போய்விட்டது என்று பொருள். உள்ளே மருந்து செலுத்தலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்: அடைத்த வழியில் மருந்து போய்ச் சேராது.

இந்தப் பூச்சியை முதலில் ஊன்றிப் பார்த்தவர்களில் ஒருவர் சென்னை மாகாணத்து மருத்துவர் ஜார்ஜ் பிடி. 1860-களில் குடகு, மைசூர்த் தோட்டங்கள் போரரால் அழிந்தபோது அங்கே போய் ஆராய்ந்து, 1869-இல் அறிக்கை கொடுத்தார். காட்டை மொட்டையடித்துக் காபி வைத்ததும், அதனால் வந்த வறட்சியும்தான் பூச்சியைப் பெருக்கின என்பது அவர் முடிவு. 150 வருடம் கழித்தும் இதைவிட முக்கியமாக ஒன்றும் சொல்லிவிட முடியாது என்றே நினைக்கிறேன். பெண் வண்டு வெயில் விழும் தண்டில்தான் முட்டை வைக்கும். நிழல் மரமான சில்வர் ஓக்குக்கு நல்ல விலை வந்தது என்று ஒரே பருவத்தில் மொத்தமாக வெட்டி விற்ற இடத்தில், அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் போரர் ஏறும். மரம் எடுக்கத்தான் வேண்டுமென்றால் பகுதி பகுதியாக எடுங்கள். எடுப்பதற்கு முன்பே கல்யாண முருங்கைப் போத்து ஊன்றி, அத்தி, பலா கன்றுகளையும் வைத்துவிடுங்கள். சாலையோரம், மேற்கு வெயில் அடிக்கும் சரிவு, மரம் விழுந்த இடைவெளி: ட்ரேசிங்கை இங்கிருந்து தொடங்குவது நல்லது.

பிடிபட்ட செடியைத் தரையை ஒட்டி அறுத்ததும் வெட்டுவாயைப் பாருங்கள். துளையே இல்லாமல் வெள்ளையாக இருந்தால் அடிக்கட்டையை விடலாம், துளிர்க்கும். துளை இருந்தால் புழு வேர்ப்பக்கம் இறங்கிவிட்டது, வேரோடு பிடுங்க வேண்டியதுதான். இரக்கப்பட்டு விட்ட ஒரு கட்டையிலிருந்து கிளம்பும் வண்டுகள் சுற்றியுள்ள நல்ல செடிகளைத் தேடிப் போகும்.

மீதிச் செடிகளுக்கு, தண்டிலும் தடித்த கிளைகளிலும் உரிந்து நிற்கும் செதிள் பட்டையைத் தேங்காய் மட்டையாலோ நார்க் கையுறையாலோ தேய்த்து எடுக்க வேண்டும். முட்டை வைக்க இடுக்கு இல்லாமல் செய்வதுதான் நோக்கம். கத்தி, அரிவாள் வேண்டாம். பச்சைப் பட்டையில் காயம் பட்டால் செடிக்குக் கேடு. சுண்ணாம்பு அடிப்பதானால் 200 லிட்டர் தண்ணீருக்குச் சலித்த சுண்ணாம்பு 20 கிலோ, டிடிஎல் வகை ஃபெவிகால் 100 மில்லி. பசையைச் சேர்க்காமல் அடித்தால் ஐப்பசி மழை கழுவிக்கொண்டு போய்விடும். சலிக்காமல் விட்டால் நாசில் அடைக்கும். சுண்ணாம்பு அடியில் தங்கும் என்பதால் ஒருவர் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில செடிகளுக்கு வெறும் தண்ணீர்தான் போகும்.

இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்குப் பத்து. இந்த இனத்தில் வாசனை விடுவது ஆண், தேடி வருவது பெண். முட்டை வைக்க வேண்டிய வண்டே சிக்குவதால் பலன் உண்டு. ஆனால் பக்கத்துத் தோட்டங்களும் சேர்ந்து வைத்தால்தான் எடுபடும். பொறி வைத்தாயிற்று என்று ட்ரேசிங்கை விடக் கூடாது.

அறுத்த கட்டையை அன்றன்றே எரித்துவிட வேண்டும். விறகுக்காகத் தொழிலாளர்களின் லைன் வீட்டு ஓரத்தில் அடுக்கி வைப்பது பெரிய தவறு. செடி செத்தாலும் உள்ளே புழு வளர்ந்து வண்டாகி வெளியே வரும். விறகு கட்டாயம் வேண்டுமென்றால் ஏழிலிருந்து பத்து நாள் தண்ணீரில் முழுக மூழ்க வைத்து, அப்புறம் காய வையுங்கள். மிதக்கும் கட்டைமேல் கல் ஏற்றி வைக்கவும். தண்ணீருக்கு மேலே நிற்கும் பாகத்தில் புழு பிழைத்துக்கொள்ளும்.