நீர் தேங்கும் பக்கத்திலிருந்து

நீரைத் தேக்குகிறவனே நிலத்தை ஆள்வான் என்பதைப் புறநானூற்றின் 18ஆம் பாடலைப் போல் பட்டவர்த்தனமாகச் சொன்ன பழம்பாடல் வேறொன்று என் நினைவில் இல்லை. மறுமைச் செல்வம், பிற வேந்தரை வென்று தனியொருவனாய் ஆளும் ஆட்சி, நிலைத்த புகழ் ஆகிய மூன்றில் எதை நீ விரும்பினாலும் நிலம் பள்ளமான இடங்களில் நீர்நிலைகளைப் பெருக்கு என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுரை கூறுகிறார். 'உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே' என்னும் வரியும் இப்பாடலில்தான் வருகிறது. அன்னதானப் பலகைகளில் எழுதப்படும் அந்த வரி, இங்கே அரசியல் ஆலோசனையின் ஒரு பகுதி.

பட்டினப்பாலையும் கரிகாலனைக் 'காடுகொன்று நாடாக்கிக் குளந்தொட்டு வளம்பெருக்கி' என்று புகழ்கிறது. அந்தக் காட்டில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று புலவர் கேட்கவில்லை. புரவலனைப் பாட வந்தவரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அதைக் கேட்க நாவல் வரவேண்டியிருந்தது. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணைக்காக ஊரை இழந்தவர்களின் கதைதான் வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. சில இடங்களில் கவிஞரின் குரல் பாத்திரங்களை மீறி ஒலிக்கிறது என்ற குறை எனக்கு உண்டு. ஆனாலும், வறண்ட மண்ணோடு மல்லுக்கட்டியே வாழ்ந்த பேயத்தேவரின் வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் அந்தக் குறை மறந்துபோகிறது. பயிருக்கு வராத நீர் வாசலைத் தாண்டி வருகிறது. அது ஏற ஏற, வீட்டிலுள்ளதை மீட்கப் போராடி அந்த நீரிலேயே அவர் உயிர்விடுகிறார். இங்கே நீரைக் குறியீடாக்க எழுத்தாளர் தனியாக எதையும் செய்யத் தேவையிருக்கவில்லை.

தாகூரின் 'முக்ததாரா' நாடகத்தில் (1922) அதே அதிகாரம் நீரை மறித்து நிறுத்துகிறது. அருவிக்குக் குறுக்கே அணை எழுப்பினால் தன் ஆட்சிக்குட்பட்ட சிவதராய் பகுதி மக்கள் தாகத்துக்கு அஞ்சி அடங்கிவிடுவார்கள் என்பது மன்னனின் கணக்கு. படையெடுப்பைவிட மலிவான வழி. இளவரசன் அபிஜித் அணையை உடைத்து, பாய்ந்து வரும் வெள்ளத்தோடு போகிறான். அவன் சாவைத் தானே தேர்ந்துகொள்கிறான். நாடகமும் அதை ஒரு தியாகமாகவே உயர்த்திக் காட்டுகிறது. பேயத்தேவருக்கு அப்படித் தேர்ந்துகொள்ள எதுவும் இருக்கவில்லை. இளவரசர்களுக்கு எளிதில் கிடைக்கும் அந்தக் காவிய மரியாதையை ஒரு சம்சாரிக்கும் கேட்டு வாங்கத்தான் வைரமுத்து தன் நாவலை இதிகாசம் என்று அழைத்தார் என நான் வாசிக்கிறேன்.