பிரீவீலை முதலில் கழற்றியிருக்கணும்

முட்டத்தில் கடலை ஒட்டின வீடு. உப்புக்காற்றில் சைக்கிளின் பின்சக்கர ரிம் துருவேறி, கம்பியை ரிம்மோடு இறுக்கும் குட்டி நட்டான நிப்பிள் உட்காரும் ஓட்டை இரண்டு இற்றே போய்விட்டது. புது ரிம் வாங்கி நானே கம்பி கோத்துப் பார்க்கலாமே என்று இறங்கினேன்.

பழைய நிப்பிள் ஒன்றும் அசையவில்லை. தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் விட்டுப் பார்த்து அலுத்து, கட்டிங் பிளேயரால் 40 கம்பியையும் வெட்டிவிட்டேன். பிறகுதான் பிரீவீல், அதாவது பின்சக்கரத்தில் செயின் மாட்டுகிற பல்சக்கரம், ஞாபகம் வந்தது.

திங்கள்சந்தை சைக்கிள் கடை அண்ணாச்சி, பிரீவீலோடு இருந்த ஹப்பை, அதுதான் சக்கரத்தின் நடு உருளையை, கையில் வாங்கிச் சிரித்தார். "கழத்தாம அறுத்தியா மக்கா? இனி எதப் பிடிச்சித் திருக்குவ?"

மிதிக்க மிதிக்க இறுகுகிற மரை அது. சக்கரம் முழுசாக இருந்தால் ரிம்மைப் பிடித்துத் திருக்கலாம். வெறும் ஹப்பில் பிடி ஏது? கழற்றாமல் விட்டால் அந்தப் பக்கத்து ஓட்டைகளில் கம்பி நுழையாது. புது ஹப், புது பிரீவீல், தண்டச்செலவு. புதுக் கம்பியின் நீளத்துக்கு, நான் வெட்டின இரண்டு துண்டைச் சேர்த்து வைத்து அண்ணாச்சி அளவு பார்த்தார்.

கோப்பது பயந்த அளவு இல்லை. பத்துப் பத்தாக நாலு தடவை. முதல் பத்துக்கு ஹப்பில் ஓர் ஓட்டை விட்டு ஓர் ஓட்டை, ரிம்மில் மூன்று விட்டு நாலாவது. மற்றதுக்கு, வெட்டும் முன் போனில் எடுத்த படம் காப்பாற்றியது. ஹப்பின் வெளிப்பக்கமாகப் போகிற கம்பி, மற்றக் கம்பிகளைக் கடக்கும் கடைசிக் குறுக்கில் மட்டும் அடியில் நுழையணும். அதை மறந்து ஆறு கம்பியைத் திரும்பக் கழற்றினேன். இந்தத் தடவை நிப்பிள் ஒவ்வொன்றையும் கிரீஸில் முக்கித்தான் போட்டேன்.

கோட்டம் எடுக்கத்தான் இரண்டு சாயங்காலம் போனது. சைக்கிளைக் கவிழ்த்து, பிரேமில் சாக்பீஸ் கட்டிச் சக்கரத்தைச் சுற்றினேன். சாக்பீஸ் உரசுகிற இடத்தில் எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுற்று முறுக்கணும், அவ்வளவுதான். ஆனால் டயர் பக்கமிருந்து பார்த்தால் வலமாகச் சுற்ற இறுகும் நிப்பிள், ஹப் பக்கமிருந்து பார்த்தால் இடமாகச் சுற்ற இறுகும். இதில் குழம்பி நானே கோட்டத்தைக் கூட்டினது எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.

முதலில் ஓட்டினபோது 'டிக் டிக்'கென்று சத்தம், வயிறு கலங்கியது. நிப்பிளோடு சேர்ந்து முறுகின கம்பிகள் பாரம் ஏறியதும் நிமிர்கிற சத்தமாம். குளச்சல் வரை போய்வந்து மறுபடி கவிழ்த்துப் பார்த்தேன். இன்னும் ஒரு நூல் கோட்டம் இருக்கிறது. இருக்கட்டும்.