வடிதாளும் நான் முதலில் வரைந்த தப்பான கோடும்

ஜிப் உறைக்குள் ஈரத்தை உறிஞ்சப் போட்டிருந்த சிலிக்கா மணிகள் நீலம் போய் ரோஸ் நிறமாகியிருந்தன. ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். காய்ந்த ரத்தம்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று வேலையைத் தொடங்கிவிட்டேன்.

வேலை இதுதான். பால்சிபாரம் என்ற ஒட்டுண்ணியால் மலேரியா வந்தவர்களின் விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம், வாட்மேன் வடிதாளில் பொட்டுப் பொட்டாகக் காய்ந்து மூன்று பெட்டிகளில் இருந்தது. சில வருட இடைவெளியில் மூன்று சுற்றுகளாகச் சேகரித்தவை. பால்சிபாரத்துக்குக் குளோரோகுயின் கொடுப்பதை நிறுத்திய பிறகு, அந்த மருந்தை எதிர்க்கும் ஒட்டுண்ணிகள் குறைகின்றனவா என்று மரபணுவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்று புள்ளி, ஒரு கோடு. இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒன்றேகால் வருடம் ஆனது.

எங்கள் எல்லோர் மனதிலும் மலாவிதான் இருந்தது. அந்த நாடு 1993-இல் குளோரோகுயினைக் கைவிட்டு சல்பாடாக்சின்-பைரிமெத்தமின் என்ற கூட்டு மருந்துக்கு மாறியது. 1992-இல் 85 சதவீதமாக இருந்த, எதிர்ப்பைக் காட்டும் மரபணு அடையாளம் 2000-இல் 13 சதவீதத்துக்கு இறங்கியது. 2006-இல் வெளியான ஒரு பரிசோதனையில் அதே பழைய குளோரோகுயின் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளையும் குணப்படுத்தியது. அந்த மாதிரி ஒரு சரிவு நம் பெட்டிகளிலும் இருக்கும் என்ற ஆசை எனக்கு. அந்த ஆசைதான் என்னை ஏமாற்றியது என்று இப்போது தோன்றுகிறது.

நாங்கள் தேடிய மாற்றத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒட்டுண்ணி நம் ஹீமோகுளோபினைத் தின்கிறது. மிச்சமாகும் ஹீம் என்ற இரும்புள்ள பகுதி அதற்கே விஷம் என்பதால் அதைப் படிகமாக்கி ஒதுக்கி வைக்கிறது. குளோரோகுயின் அந்தப் படிகமாக்கலைக் கெடுத்துவிடும். 7-ஆம் குரோமோசோமில் உள்ள பிஎஃப்சிஆர்டி மரபணுவில் மாற்றம் வந்து, புரதத்தின் 76-ஆம் இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் த்ரியோனினாகிவிட்டால், ஒட்டுண்ணியின் செரிமானப் பையிலிருந்து மருந்து வெளியே தள்ளப்படும். கூடவே வேறு சில மாற்றங்களும் வரும். ஆனால் அடையாளம் காண இந்த 76 போதும். மருந்து இல்லாத இடத்தில் இந்த மாற்றம் ஒட்டுண்ணிக்குச் சுமைதான், அதனால் மாறாத வகை மெல்லத் தலையெடுக்கும்.

ஆய்வகத்தில் செய்வது பெரிய வித்தை இல்லை. தாளில் சின்ன வட்டம் துளைத்து எடுத்து, செலெக்ஸ் என்ற பிசினில் சூடாக்கி டிஎன்ஏவைப் பிரித்து, அதைப் பல மடங்காக நகலெடுக்கும் பிசிஆரை இரண்டு முறை ஓட்ட வேண்டும். முதலில் பெரிய துண்டு, பிறகு அதற்குள்ளிருந்து 145 எழுத்திணை நீளத் துண்டு. இந்த ஒட்டுண்ணியின் மரபணுத் தொகுதியில் 80 சதவீதம் ஏ, டி என்ற இரண்டு டிஎன்ஏ எழுத்துகள்தான் என்பதால் நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் ப்ரைமர்கள் கண்ட இடத்தில் ஒட்டும். அது ஒரு மாதத் தலைவலி, விட்டுவிடுகிறேன்.

கடைசியில் அபோ-1 என்ற நொதி. அது மாறாத வகையின் துண்டை இரண்டாக வெட்டும், மாறிய வகையைத் தொடாது. துண்டுகளை நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் வெட்டுப்பட்டதும் படாததும் சேர்ந்து தெரிந்தால் அது கலப்புத் தொற்று. மனித ரத்தத்தில் இருக்கும்போது ஒட்டுண்ணிக்குக் குரோமோசோம்கள் ஒற்றைப் படிதான், ஆகவே ஒரே ஒட்டுண்ணி இரண்டு வகையையும் வைத்திருக்க முடியாது. இரட்டைப் பட்டை என்றால் ஒரே உடம்பில் இரண்டு கூட்டம். நோட்டில் இப்படித்தான் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன்.

முதல் கோடு அருமையாக வந்தது. முதல் சுற்றில் எதிர்ப்பு உச்சம், அடுத்த இரண்டில் செங்குத்தான சரிவு. மலாவியே தோற்றுவிடும் போல. எங்கள் ஆய்வகத்தில் பல வருடமாக ஜெல் பார்த்துவந்த அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கோட்டைப் பார்க்கவே இல்லை. "ஜெல் படம் எங்கப்பா?" என்றார். காட்டினேன். "இந்த 3டி7-ஐ நீ பாத்தியா?"

3டி7 குளோரோகுயினுக்கு அடங்கும் ஆய்வக வகை. ஒவ்வொரு ஜெல்லிலும் ஒப்பீட்டுக்காக ஓட்டுவோம். அது முழுதாக வெட்டுப்பட வேண்டும். முதல் பெட்டியின் ஜெல்களில் அதற்கும் மேலே மங்கலாக ஒரு வெட்டுப்படாத பட்டை நின்றது. நொதி வேலையைப் பாதியில் விட்டிருக்கிறது. அப்படியானால் நான் கலப்பு என்று எழுதியவற்றில் எத்தனை உண்மையான கலப்பு?

காரணத்தைத் தேடிப் போனால் வெட்கக்கேடு. நாங்கள் வாங்கியிருந்த அபோ-1 நன்றாக வேலை செய்வது 50 டிகிரியில். பெரும்பாலான வெட்டு நொதிகளுக்கு 37 என்ற பழக்கத்தில் முதல் பெட்டி முழுவதையும் 37-இல் வைத்திருந்தேன். இரண்டாம் பெட்டிக்கு வரும்போது குறிப்பைத் திரும்பப் படித்து 50-க்கு மாற்றினேன். முதல் பெட்டியைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை. ஆக என் செங்குத்தான சரிவில் ஒரு பகுதி 13 டிகிரி வெப்ப வித்தியாசம்!

சரி, மறுபடி எல்லாவற்றையும் வெட்டினேன். அப்புறம்தான் இன்னும் பெரிய தகராறு தெரிந்தது. கலப்பை எப்படி எண்ணுவது? 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 பேரிடம் மாறாத வகை மட்டும், 30 பேரிடம் மாறிய வகை மட்டும், 30 பேரிடம் இரண்டும். எதிர்ப்பு வகையைச் சுமப்பவர்கள் எத்தனை பேர் என்றால் 60 சதவீதம். கலப்பை ஒதுக்கிவிட்டு எண்ணினால் 70-க்கு 30, அதாவது 43. கலப்பில் பாதிக்குப் பாதி என்று வைத்தால் 45. மூன்று எண்ணும் அதனதன் வரையறைப்படி சரிதான். ஒரு வருடத்துக்கு ஒன்றையும் இன்னொரு வருடத்துக்கு வேறொன்றையும் எடுத்தால் மட்டும் பொய். முதல் சுற்றைப் பற்றி முன்பே ஒருவர் எழுதிவைத்த அறிக்கையில் 'கலப்பும் எதிர்ப்பில் சேர்த்தி' என்று அடிக்குறிப்பு இருந்தது. நான் மூன்றாம் சுற்றில் கலப்பை ஒதுக்கியிருந்தேன். இரண்டையும் ஒரே படத்தில் போட்டுக் கோடு இழுக்க இருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ரோஸ் நிற மணிகள் வேலையைக் காட்டியதும் இங்கேதான். ஈரத்தில் டிஎன்ஏ சிதைந்த பொட்டில், குறைவாக இருக்கும் கூட்டம் பிசிஆரில் விடுபட்டுப்போகும். கலப்பு ஒற்றையாகத் தெரியும். அதாவது நொதிப் பிழை கலப்பைக் கூட்டியது, ஈரம் கலப்பைக் குறைத்தது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று ஒரு நண்பர் ஆறுதல் சொன்னார். அப்படிச் சரிக்கட்டுவதை நம்பி எண் போட முடியாது. ஒவ்வொரு பொட்டையும் இரண்டு முறை தனித்தனியாக ஓட்டி, இரண்டும் ஒத்துவராதவற்றைத் தனியாக எழுதினேன்.

கடைசி அடி பதிவேட்டிலிருந்து வந்தது. முதல் பெட்டியில் சில நோயாளி எண்கள் இரண்டு முறை இருந்தன. விவரத்தைப் பார்த்தால் ஒன்றில் 'நாள் 0', இன்னொன்றில் 'நாள் 14'. மருந்து கொடுத்து 28 நாள் பின்தொடர்ந்த ஆய்வின் பொட்டுகள் அவை. மருந்து கேட்காமல் திரும்பக் காய்ச்சல் வந்தவரின் ரத்தத்தில் எதிர்ப்பு வகைதான் மிஞ்சியிருக்கும். அவற்றையும் சேர்த்து எண்ணினால் முதல் சுற்று தானாகவே உயரும். நாள் 0 தவிர எல்லாவற்றையும் எடுத்தேன். எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. 30 மாதிரியில் 9 என்றால் 30 சதவீதம் என்று அழகாக எழுதிவிடலாம். உண்மை விகிதம் ஏறத்தாழ 17-க்கும் 48-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த இடைவெளியைப் படத்தில் போட்ட பிறகு என் செங்குத்துக் கோடு, 'இறங்குகிறது, ஆனால் எவ்வளவு வேகமாக என்று சொல்ல முடியாது' என்ற சாதுவான கோடாகிவிட்டது.

இதற்கிடையில் கே13-ஐயும் பாருங்கள் என்றார்கள். ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்துக்கு ஒட்டுண்ணி மெதுவாகச் சாவதோடு தொடர்புள்ள மரபணு என்று 2014-இல் தெரியவந்தது அது. அங்கே ஒற்றை இடத்தை வெட்டிப் பார்த்து முடிக்க முடியாது. கம்போடியாவில் சி580ஒய், ருவாண்டாவில் ஆர்561எச் என்று இடத்துக்கு இடம் மாற்றம் வேறு, ஆகவே வரிசையைப் படித்தாக வேண்டும். சிதைந்த பழைய டிஎன்ஏவில் நீளத் துண்டு வரவில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறும் குட்டித் துண்டுகளாகப் பிரித்து ஓட்டினேன். ஒரு மாதிரியில் மாற்றம் தெரிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். ஏ578எஸ். இது ஆப்பிரிக்காவில் பரவலாகக் காணப்படுவது, ஒட்டுண்ணி தாமதமாகச் சாவதோடு தொடர்பு இல்லாதது. உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாம் சுற்றுக்குப் போதிய தாள் இருக்கிறது. முதல் சுற்றில் பல பொட்டுகளில் இன்னும் ஒரே ஒரு துளைக்குத்தான் இடம். விரைவுச் சோதனை அட்டை தேடும் எச்ஆர்பி2 புரதத்தின் மரபணு காணாமல்போயிருக்கிறதா என்று பார்க்க ஒருவர் கேட்கிறார், முழு மரபணுத் தொகுதியையும் படிக்க இன்னொருவர் கேட்கிறார். இருவரிடமும் இன்னும் பதில் சொல்லவில்லை. மணிகளை மட்டும் மாற்றிவைத்திருக்கிறேன்.