சிங்கி இறாலுக்கு யார் நாள் குறிக்கிறார்கள்?

இரண்டு நாளாகச் சிங்கி இறாலைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன், சமைக்க இல்லை. அமெரிக்காவின் மேய்ன், கனடாவின் கிழக்குக் கரைப் பக்கம் பிடிபடும் பெரிய கொடுக்குக்காரன். பெண் கோடையில் ஓடு கழற்றியதும் இணை சேர்கிறது, ஆனால் உடனே முட்டையிடாது. விந்தை ஏறக்குறைய ஒரு வருடம் உடம்பிலேயே பத்திரமாக வைத்திருந்து, அடுத்த கோடையில் முட்டையிட்டு, அதை வாலுக்கடியில் ஒட்டிக்கொண்டு மேலும் 9 முதல் 12 மாதம் சுமக்கிறது.

எப்போது முட்டையிடுவது என்று அதற்கு எப்படித் தெரியும்? குளிர்காலத்தில் தண்ணீர் நன்றாகச் சில்லிட்டால் அதுவே போதும், பகல் எவ்வளவு நீளம் என்பதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருந்துவிட்டால்தான் சிக்கல். அப்போது சில மாதம் குறுகிய பகல், அப்புறம் நீண்ட பகல் என்ற மாற்றம்தான் கைகொடுக்கிறது, ஆய்வகத் தொட்டிகளில் விளக்கை வைத்தே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்!

சரி, வெப்பம் என்றாலே கெடுதலா என்றால் அப்படியும் இல்லை, வெதுவெதுப்பான நீரில் வளரும் பெண்கள் சிறிய உடம்பிலேயே பருவத்துக்கு வந்துவிடுகின்றன. மேய்ன் மீனவர்கள் முட்டையோடு சிக்கும் பெண்ணின் வால் மடலில் அடையாளத்துக்கு ஒரு முக்கோண வெட்டுப் போட்டுத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள்.